பின் அறையில் ஓர் இடம்

விமான நிலையத்துக் கார்கோ கூடத்தில் அவருக்கு வலைக்காரர் என்று பெயர். கடலில் இறங்கி ஒரு மீனைக்கூடப் பிடித்தவரில்லை. படகில் கால் வைத்தாலே வயிற்றைப் புரட்டும் என்று அவரே சொல்வார். ஆனாலும் அந்தக் கடலில் அகப்படுகிற நல்ல மீனில் பாதி அவர் வலைக்குள் அடங்கித்தான் வெளிநாடு போனது.

வேலை இதுதான். தெர்மாக்கோல் பெட்டியில் பனிப்பைகளுக்கு நடுவே படுத்திருக்கும் மீன், கல்லாய் உறைந்த இறால், கழுவி நறுக்கிய பழம், ஈரம் சொட்டும் கீரைக்கட்டு எல்லாம் காலையிலிருந்தே லாரி லாரியாக வந்து இறங்கும். ஒரு சின்ன அறையின் தரை அளவுக்கு அகலமான அலுமினியத் தட்டுகளில் அவற்றை அடுக்க வேண்டும். கனமானது கீழே, நசுங்குவது மேலே. பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அதன்மேல் நைலான் வலையைப் போர்த்தி, நாலு பக்கமும் இழுத்து, தட்டின் ஓரத்தில் கொக்கி மாட்டி இறுக்க வேண்டும். வலை தளர்ந்தால் விமானம் மேலே ஏறும்போது சரக்கு பின்னால் சரியும். சரக்கு சரிந்தால் விமானமும் சரியும். அதனால் வலைக்காரர் தட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லாத எந்தத் தட்டும் கூடத்தின் வாசலைத் தாண்டாது. இளம் வயதில் மூட்டை தூக்க வந்தவர், தலை நரைத்தபோது அங்கே மேஸ்திரியாக இருந்தார். இழுத்து இழுத்து விரல்கள் கொக்கி மாதிரியே வளைந்துபோயிருந்தன. அவர் யாருக்காவது கைகொடுக்கப் போனால், "பாத்துடா, மாட்டிடப் போறாரு" என்று கேலி பேசுவார்கள்.

கடவுள், பேய், சகுனம், நல்ல நேரம் எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. வலியப் போய் யாரிடமும் சொல்லமாட்டார், கேட்டால் மறைக்கவும் மாட்டார். அதனாலேயே ஒரு வேலை அவர் தலையில் வந்து விழுந்தது. பிழைக்க வந்த இடத்தில் செத்துப்போகிறவர்களின் சவப்பெட்டிகள் அந்தக் கூடத்தின் வழியாகத்தான் ஊர் திரும்பும். பெட்டி வருகிறது என்று தெரிந்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள். ஒருவனுக்கு மனைவி மாசமாக இருப்பாள். இன்னொருவனுக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒருதடவை பெட்டியைத் தூக்கிய நேரம் பார்த்து ஃபோர்க்லிஃப்ட் வண்டி நின்றுவிட, செத்தவர் போக மனமில்லாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார் என்று கதை கட்டினார்கள். வலைக்காரர் குனிந்து பார்த்தார். பேட்டரி ஒயர் கழன்றிருந்தது. மாட்டிவிட்டு, "இப்ப மனசு வந்துடுச்சாம், ஓட்டு" என்றார்.

அந்தப் பெட்டிகளை அவர் கட்டுகிற விதமே வேறு. மீன் தட்டில் முழங்காலை ஊன்றி இழுக்கிறவர், இதில் முழங்காலை வைக்கமாட்டார். தலை எந்தப் பக்கம் என்று கேட்டு, சாக்பீஸால் குறித்து, அந்தப் பக்கம் விமானத்தின் மூக்கைப் பார்த்திருக்கும்படி ஏற்றுவார். விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது தலை தாழ்ந்திருந்தால், உடம்பின் நீரெல்லாம் முகத்துக்கு வந்துவிடும். திறந்து பார்க்கப்போகும் வீட்டாருக்கு முகம் முகமாக இருக்க வேண்டும். இதில் பக்தி எதுவும் இல்லை. செத்தவருக்கு எதுவும் தெரியாது, உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்பதுதான் அவர் கணக்கு.

தொழிலில் ஒரு பழைய விதி உண்டு. விமானத்தின் வயிற்றில் முன் அறை, பின் அறை என்று இரண்டு சரக்கறைகள். உணவும் பிணமும் ஒரே அறையில் சேர்ந்து போகக்கூடாது. ஈயம் வைத்து அடைத்த பெட்டியிலிருந்து மீனுக்கு ஒரு கெடுதலும் வராது என்பது வலைக்காரருக்குத் தெரியும். சாப்பிடுகிறவனுக்குத் தெரிந்தால் குமட்டும், அவ்வளவுதான். குமட்டலுக்கும் ஒரு மரியாதை கொடுத்துவிட்டுப் போகலாம், அதில் அவருக்குச் சண்டை இல்லை. மீன் முன் அறையில் போனால் பெட்டி பின் அறையில் போகட்டும். ஆனால் மீன் இரண்டு அறைகளையும் கேட்கிற நாட்களும் உண்டு. அந்த நாட்களில் கீழே இறங்குவது எப்போதும் பெட்டிதான். மீன்மேல் 'அழுகும் பொருள், முன்னுரிமை' என்று பச்சைத் தாள் ஒட்டியிருக்கும். பெட்டிமேல் அப்படி ஒரு தாளை ஒட்டலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

உறைநிலை அறையில் ஒருவன் வேலை பார்த்தான். எப்போதும் சூடாக இருக்கும் ஊரிலிருந்து வந்தவன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டான். "உள்ள போன குளிரு எலும்புல குடித்தனம் வச்சிருக்குண்ணே, காலி பண்ண மாட்டேங்குது" என்பான். அதனால் அவன் பெயரும் ஸ்வெட்டர். வலைக்காரரோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவான். சாப்பிடும்போது ஊரில் இருக்கும் தம்பியோடு போனில் பேசுவான். பேச்சு நடுவே போனை வலைக்காரர் பக்கம் திருப்பி, "அண்ணனுக்கு ஒரு வணக்கம் சொல்லுடா" என்பான். அவ்வளவு பழக்கம் போதாதா? தம்பிக்காரனும் அவரை அண்ணே என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டான்.

எலும்புக் குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் வெளிவேலை கேட்டான். ஏற்றுமேடையில் போட்டார்கள். தட்டுகளை விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கும் அந்த மேடையின் பின்பக்கத் தடுப்புக் கம்பி மாதக்கணக்கில் உடைந்து கிடந்தது. கேட்கும்போதெல்லாம் மேலாளர், "பாக்கலாம்" என்பார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். கூடமே அவரைப் பாக்கலாம் சார் என்றுதான் சொல்லும். ஒருநாள் மழை ஈரத்தில் தட்டை இழுத்துக்கொண்டே பின்னால் கால் வைத்த ஸ்வெட்டர், கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமல் கீழே போனான்.

கவனக்குறைவு என்று அலுவலகம் எழுதிக்கொண்டது. யாருடைய கவனக்குறைவு என்று எழுதவில்லை. மறுநாள் காலை புதுக் கம்பி வந்து இறங்கியது. பளபளவென்று மஞ்சள் வண்ணம் பூசிய கம்பி. ஆக, கம்பிக்குப் பஞ்சமில்லை. அதைப் போடுவதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது, அதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தார்கள் போலிருக்கிறது.

ஸ்வெட்டரின் ஊருக்கு வாரத்துக்கு ஒரு விமானம். அதே விமானத்தில்தான் இறால் முதலாளியின் சரக்கு போகும். அந்த ஊரைத் தாண்டிப் பெரிய ஊர்களுக்குப் போய், பெரிய ஓட்டல்களில் தட்டில் விழும் சரக்கு. முதல் வாரம் வலைக்காரர் பெட்டியைக் கட்டி வைத்தார். கடைசி நேரத்தில் முதலாளியின் லாரி கூடுதலாக ஒன்று வந்தது. பெட்டி இறங்கியது.

இங்கேதான் இந்தத் தொழிலுக்கே உரிய ஒரு கூத்து இருக்கிறது. முந்தைய நாள் தட்டில் இடம் ஒதுக்கிக் கணினியில் பதிந்த உடனேயே எதிர்முனைக்குச் செய்தி பறந்துவிடும்: பெட்டி வருகிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். விமானம் கிளம்பிய பிறகு அனுப்ப வேண்டிய செய்தியை, வேலை சுலபம் என்று பதியும்போதே அனுப்பிப் பழகிவிட்டார்கள். பெட்டி இறங்கிவிட்டது என்று சொல்ல இன்னொரு செய்தியை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். விமானம் போன பிறகு யார் உட்காருவது? மீன் பெட்டி வராவிட்டால் எதிர்முனையில் ஒரு வியாபாரி போனில் கத்துவான், உடனே பதில் போகும். சவப்பெட்டி வராவிட்டால் கத்துவதற்குத் தெம்பில்லாதவர்கள்தான் அங்கே நிற்பார்கள்.

நின்றார்கள். தாயும் தம்பியும் சொந்தக்காரர்கள் சிலரும் ஒரு பகல் முழுக்க வேனில் பயணம் செய்து வந்து, கார்கோ வாசலில் நின்று, எல்லாப் பெட்டியும் போன பிறகு வெறும் வேனைத் திருப்பிக்கொண்டு போனார்கள். தம்பி வலைக்காரருக்குப் போன் செய்து அழுதான், கோபித்தான். அடுத்த வாரமும் அதேபோல நடந்தது. அந்தக் குடும்பம் அலுவலகத்தில் கேட்டதற்கு, மழையால் விமானத்தில் எடை ஏற்ற முடியவில்லை என்று பதில் போயிருந்தது. வேறு ஊர் சுற்றி அனுப்பலாமே என்று வலைக்காரர் கேட்டார். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், பாக்கலாம் என்றார் மேலாளர்.

அதுவரை பெட்டி எங்கே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்கோவுக்குள் வந்துவிட்ட பெட்டியை ஆஸ்பத்திரி திரும்ப வாங்காது. குளிர் அறையில் உணவு இருக்கிறது, அங்கே வைக்க விதி இடம் தராது. எனவே தகரக் கூரைக்குக் கீழே, வண்டிகளுக்குப் பேட்டரி ஏற்றும் மூலையில் வைத்தார்கள். பத்தடி தள்ளி, கனத்த கதவுக்குப் பின்னால், மீன்கள் சுகமாகக் குளிரில் இருந்தன. வலைக்காரர் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து பெட்டிமேல் போட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டை அந்த மூலைக்கே கொண்டுபோய்ச் சாப்பிட்டார்.

மூன்றாவது வாரம், விமானத்துக்கு முந்தைய நாள், தம்பி கூப்பிட்டான். இந்தத் தடவை அழவில்லை, கோபிக்கவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

"அண்ணே, நாளைக்கு வருதுன்னு சொல்றாங்க. அம்மாவுக்கு நிக்க முடியல. மறுபடி கூட்டிட்டுப் போய் மறுபடி திருப்பிக் கூட்டிட்டு வந்தா அது தாங்காது. நீங்க சொல்லுங்க. கெளம்பலாமா, வேணாமா?"

இப்போதே கிளம்பினால்தான் சரியாகப் போய்ச் சேர முடியும். பாக்கலாம் என்று சொல்லும் உரிமை வலைக்காரருக்கு இல்லை. ஒன்று, கிளம்பு. இல்லை, கிளம்பாதே.

"கெளம்புங்க தம்பி. நான் அனுப்பறேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அனுப்புகிற அதிகாரம் அவரிடம் இல்லை. அவர் கட்டுகிறவர். எது ஏறும், எது இறங்கும் என்று முடிவு செய்வது மேலாளர். மேலாளரின் முடிவைச் செய்வது முதலாளியின் போன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் மனைவி அதே முதலாளியின் கூடத்தில் இறால் உரிக்கிறவள். பகல் முழுதும் பனித்தண்ணீரில் கை வைத்து, விரல் நுனியில் தோல் வெள்ளையாக ஊறி, மாலையில் சூடான டீ டம்ளரைப் பிடித்தால்கூடச் சூடு தெரியாத கை அவளுக்கு. சரக்கு திரும்பி வந்தால் அந்த வாரம் வேலை குறைத்து, பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளையும், அவள் பக்கத்தில் நிற்கிறவளையும்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா வேன்ல ஏறிட்டாளா?" என்று கேட்டாள்.

"ஏறியிருப்பா."

"அப்பறம் என்ன என்கிட்ட வந்து யோசன கேக்கறீங்க? வாக்க அங்க குடுத்துட்டு, அனுமதிய இங்க கேக்கறீங்களா?" என்றாள். கொஞ்சம் கழித்து, மடித்த துணியை எடுத்து வைத்தபடி, "நான் உரிக்கற எறாலுக்காக ஒருத்தன் மூலையில கெடக்க வேணாம்" என்றாள். அதற்குப்பின் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

மறுநாள் முதலாளியே கூடத்துக்கு வந்துவிட்டார். அன்று சரக்கு எக்கச்சக்கம், கண்ணால் பார்த்து அனுப்ப ஆசை. நல்ல மனிதர்தான். குரலை உயர்த்திப் பேசமாட்டார். டீ வந்தால் கூலிக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்வார். வலைக்காரர் தோளில் கை போட்டு, போன வாரம் தட்டு ஒன்று கூடச் சரியவில்லை, உங்க கை மாதிரி வராது என்று புகழ்ந்தார். பின் அறையிலும் தனக்கு இரண்டு தட்டு போக வேண்டும் என்பதைச் சொன்னார். மூலையில் தார்ப்பாய் போட்டிருந்ததைப் பார்த்து, பாவம், அடுத்த வாரம் கட்டாயம் அனுப்பிவிடலாம் என்றார். கிளம்பும்போது குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

"உங்க வீட்டம்மா நம்ம கூடத்துலதானே இருக்காங்க? நல்லா வேலை செய்வாங்கன்னு கேள்விப்பட்டேன்."

மிரட்டல் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பாராட்டு என்றுதான் சொல்வார்கள். இந்த உலகத்தில் அநியாயம் பாதி நாள் இப்படித்தான் தோளில் கை போட்டுக்கொண்டு வருகிறது. வலைக்காரர், "ஆமாங்க, நல்லா செய்வா" என்று மட்டும் சொன்னார்.

அவர் செய்தது ஒரே ஒரு காரியம். திருட்டுத்தனமும் இல்லை, பொய்யும் இல்லை. வழக்கமாக மீன் தட்டுகளை முதலில் விமானத்துக்கு அனுப்பி, இடம் மிஞ்சினால் கடைசியில் பெட்டியை அனுப்புவார்கள். வரிசையை அவர் மாற்றினார். பெட்டியை முதலில் கட்டினார். மெதுவாக, அவருக்குப் பிடித்த மாதிரி, ஒவ்வொரு கொக்கியாகக் கட்டினார். முன் அறைக்கான மீன் தட்டுகள் கிளம்பும்போது அவற்றோடு பெட்டியையும் இழுவண்டியில் சேர்த்துக் கூடவே நடந்துபோனார். மேடையில் அவரும் ஏறினார். பின் அறைக்குள் பெட்டியைத் தள்ளி, தரைப் பூட்டுகளைப் போட்டு, பயணிகளின் பைகள் வரும்வரை அங்கேயே நின்றார்.

பின் அறைக்கான இறால் தட்டுகள் வந்து சேர்ந்தபோது, ஏற்றுகிறவர்கள் கதவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினார்கள். யாரோ மேலாளருக்குச் சொல்ல, அவர் ஜீப்பில் வந்தார்.

"என்னண்ணே இது? பின்னாடி மீன் ஏறணும்" என்றார். வலைக்காரரைவிட வயதில் சின்னவர், எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"ஏற முடியாது சார். உள்ள பெட்டி இருக்கு. ரெண்டும் சேந்து போகக்கூடாது."

"அந்த விதி எனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். சேரக்கூடாதுன்னுதான் அதுல இருக்கு. எது எறங்கணும்னு இல்ல."

மேலாளருக்கு அதுவும் தெரிந்தே இருந்தது. அவர் முட்டாள் இல்லை. கெட்டவரும் இல்லை. தன் மேல் விழாமல் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனால் ஓய்வு பெறும்வரை சமாளித்துவிடலாம் என்று நம்பியவர். அப்படிப்பட்டவர்களால்தான் பெரும்பாலான அநியாயம் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, பாவம்.

"எது எறங்கணும்னு நான் சொல்லணும். சொல்றேன். பெட்டி எறங்கட்டும்."

"நான் ஏத்தினேன் சார். நான் எறக்க மாட்டேன். ஆள் விட்டு எறக்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு வலைக்காரர் மேடையிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

மேலாளர் ஆட்களைப் பார்த்தார். நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் ஸ்வெட்டரோடு ஒரே மேடையில் வேலை பார்த்தவர்கள்.

"எனக்குப் பயம் சார்" என்றான் ஒருவன்.

"எங்க வீட்ல விசேஷம் வருது சார், தொடக்கூடாது."

மூன்றாமவன் இழுவண்டி ஓட்டுகிறவன், மோட்டார் என்று கூப்பிடுவார்கள். இரண்டு வாரமாக அந்த மூலையில் பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தூங்கியவன். அவன் மிக மரியாதையாக, "ராத்திரி கனவுல வரும் சார்" என்றான்.

வலைக்காரர் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேயைச் சொல்லி ஆயுசு முழுக்கக் கிண்டல் பண்ணியவர் அவர்தான். இது எந்தப் பயம் என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

வெயிலில் இறால் பெட்டிகளின் ஓரத்தில் நீர் கோத்துச் சொட்டத் தொடங்கியது. மேலாளரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து, "ஆமாங்க... இல்லைங்க... ஆள் தொட மாட்டேங்கறாங்க..." என்று கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார். மேலே இருந்து விமானி, கதவை எப்போது மூடுவீர்கள் என்று ஆள் அனுப்பிக் கேட்டார். தாமதமானால் விமானக் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியதும் மேலாளர்தான். ஒருபக்கம் முதலாளி, ஒருபக்கம் விமானி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரால் பாக்கலாம் என்று சொல்ல முடியவில்லை.

"கதவ மூடுங்க" என்றார்.

தள்ளும் வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனது. வலைக்காரர் அது ஓடுதளத்தில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏறாமல் நின்றுபோன இரண்டு இறால் தட்டுகளையும் வெயிலிலிருந்து இழுத்துக் குளிர் அறையில் விடச் சொன்னார். சரக்கின் மேல் அவருக்கு என்ன கோபம்?

அந்த இறால் அழுகிப்போகவில்லை. முதலாளி உள்ளூர் சந்தையில் தள்ளிவிட்டார். வெளிநாட்டு ஓட்டலுக்குப் போக வேண்டிய சாமான், அந்தக் கடலோரத்துக்காரர்களின் அடுப்பில் ஏறியது. தங்கள் கடலில் பிடித்ததைத் தாங்களே தின்றார்கள். கணக்கில் அதற்கு நஷ்டம் என்று பெயர். அந்த வாரம் இறால் கூடத்தில் பெண்களைப் பாதிப் பகலோடு அனுப்பிவிட்டார்கள். சிலர் வலைக்காரர் மனைவியோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவள் அதற்காக யாரையும் கோபிக்கவில்லை, கணவரையும் கேட்கவில்லை.

விமானம் போன மறுநாள் காலையே விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேர், நடுவில் ஒரு மேஜை, இந்தப் பக்கம் வலைக்காரர். மேலாளர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் ஒரு குறையும் இல்லாத ஆள், எப்படியாவது காப்பாற்றத்தான் பார்க்கிறோம் என்றார் ஒருவர். வரிசை மாறிப்போனது, தவறுதலாக நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றார் மற்றவர். மேலாளர் தலையை ஆட்டி, சொல்லிடுங்கண்ணே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"தவறுதலா நடக்கல" என்றார் வலைக்காரர். "போன ரெண்டு வாரம் நடந்ததுதான் தவறு. அதுக்கு யாரு கையெழுத்துப் போடறீங்க?"

கேள்விக்குப் பதிலாகத் தீர்ப்பு வந்தது. இனிமேல் அவர் தட்டுக் கட்ட வேண்டாம், விமானத்துப் பக்கமே போக வேண்டாம். உறைநிலை அறையில் பெட்டி அடுக்கும் வேலை. அந்த வயதில், மூட்டுத் தேய்ந்த கைகளுக்கு, உறைநிலை அறை. வேலையை விட்டு நீக்கவில்லை என்பதைக் கருணையாகக் கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து, ஆணியில் தொங்கிய கனத்த அங்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, வந்துட்டான்" என்றான் தம்பி.

நேற்று இறங்கிய பெட்டிக்குக் காகித வேலையெல்லாம் முடிந்து இப்போதுதான் வேனில் ஏற்றியாயிற்று என்றான். பெட்டியில் ஒரு கீறல் இல்லை என்றான். அம்மா பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள் என்றான். வலைக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார்.  வேனின் எஞ்சின் உறுமுவது கேட்டது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? அங்க அவ்வளவு மழையா? ரெண்டு வாரமா?"

ஒரு சொல்லை மாற்றிச் சொல்லாததற்காகத் தண்டனை வாங்கிக்கொண்டு அப்போதுதான் விசாரணை அறையிலிருந்து வெளியே வந்திருந்தார் வலைக்காரர்.

"மழ இல்ல தம்பி. மீன் ஏத்தினாங்க. அவன் இடத்த மீனுக்குக் குடுத்துட்டாங்க."

 தம்பி வேனை விட்டு இறங்கித் தள்ளி நடந்திருக்க வேண்டும். எஞ்சின் சத்தம் குறைந்தது.

"மீனா?" என்றான்.

"ஆமா."

"நாங்க வாசல்ல நின்னப்ப பெட்டி பெட்டியா எங்களத் தாண்டிப் போச்சு. அதுவாண்ணே?"

"அதுதான் தம்பி."

 யாரோ தம்பியைக் கூப்பிடுகிற குரல் தூரத்தில் கேட்டது. வயதான குரல்.

"அண்ணே, எனக்குத் தெரிஞ்சது போதும். யாருகிட்ட கேக்கணுமோ நான் கேட்டுக்கறேன். ஆனா அம்மா இப்ப உங்ககிட்ட பேசணும்னு சொல்றாங்க. அவங்களும் இதையேதான் கேப்பாங்க." அவன் கிசுகிசுத்தான். "அவங்ககிட்ட மட்டும் மழைன்னே இருக்கட்டும்."

போன் கை மாறியது. ஒரு கிழவியின் மூச்சு, மெல்ல, காதருகே வந்தது. எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழகிய மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அய்யா, அங்க நல்ல மழையாமே?" என்றாள் அவள்.

"ஆமாம்மா" என்றார் வலைக்காரர். "நல்ல மழை."